பொருளாதாரம் படுத்தால் மதுரையில் வீட்டு விலை இறங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குக் கிழக்கே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிர்வரிசையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். இருபது வருடம் ஆகப்போகிறது. ஐ.டி. கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், அமெரிக்காக்காரன் வரி போடுகிறான், பங்குச்சந்தை சரிந்தது என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலை என் மேசைக்கு ஒரே கேள்விதான் வரும்: "அண்ணே, வீட்டு விலை இறங்குமா? கொஞ்ச நாள் பொறுத்து வாங்குவமா?"

ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் யார், எந்த நேரத்தில், எந்த நெருக்கடியில் சொத்தைக் கைவிடுகிறார்கள் என்பதை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கீழே வரும் வீட்டு விலைகளில் பாதி, கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தெருவின் விலை வேறாக இருக்கும்.

நேராகச் சொல்லுங்கள். மந்தம் வந்தால் விலை இறங்குமா, இறங்காதா?

மதுரையில் முதலில் படுப்பது விற்பனைதான். சொல்லும் விலை அப்படியே நிற்கும்.

நல்ல காலத்தில் வளர்பிறை முகூர்த்த நாள் என்றால் எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுத்தும் பத்தாது. மந்தமான காலத்தில் அதே மாதிரி நாளில் பதினோரு மணிக்கெல்லாம் டீக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். சரி, விலை இறங்கியிருக்கும் என்று நினைத்துப் போய்க் கேட்டால், போன வருடம் 50 லட்சம் சொன்னவர் இன்றும் 50-தான் சொல்வார். வாங்க வந்தவர் 42-ல் நிற்பார். இரண்டு பேரும் ஒரு வருடம் முழுக்க மாறி மாறி டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், பத்திரம் மட்டும் எழுத மாட்டார்கள். பதிவே ஆகாத விலை ஏறியதா இறங்கியதா என்று யார் சொல்வது?

இதற்கு நடுவில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தவர், ஆஸ்பத்திரிச் செலவில் மாட்டியவர், வட்டி கட்ட முடியாதவர் என்று நாலு பேர் 42-க்கு இறங்கி வருவார்கள். அந்த நாலு பத்திரமும் பதிவாகும். அக்கம்பக்கத்துக்காரர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "அது அவசரத்துக்குக் குடுத்ததுங்க, அதையெல்லாம் விலைன்னு சொல்லாதீங்க" என்பார்கள்.

ஆக, ஊர் விலை என்று ஒன்று மொத்தமாகச் சரிவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் விலை வருடக்கணக்கில் அசையாமல் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அசையாமல் கிடப்பதும் ஒரு இறக்கம்தான். 40 லட்சம் ரூபாய் வீடு ஆறு வருடம் கழித்தும் 40 லட்சத்திலேயே நின்றால், விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொண்டாலே, அந்த 40 லட்சத்தின் மதிப்பு பழைய பணத்தில் 30 லட்சத்துக்கும் கீழே. விற்றவருக்கு நஷ்டம் தெரியாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பாதி விலைக்கு வீடு போனதாமே? இங்கே ஏன் அப்படி ஆகவில்லை?

பாதி என்பது சில ஊர்களில். நாடு முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் 2006-ல் இருந்த உச்சத்திலிருந்து 2012-க்குள் கால் பங்குக்குச் சற்று அதிகமாக இறங்கியது. அயர்லாந்தில்தான் 2007-க்குப் பிறகு ஆறு வருடத்தில் உண்மையாகவே பாதியாகப் போனது. ஜப்பானில் 1991-ல் ஆரம்பித்த நில விலைச் சரிவு பதினைந்து வருடத்துக்கு மேல் ஓயவில்லை.

அங்கேயெல்லாம் விலையை உடைத்தது, விற்றே ஆக வேண்டியவர்களின் கூட்டம். அமெரிக்காவில் திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் வட்டி குறைவு, அப்புறம் எகிறும். எகிறியபோது கட்ட முடியவில்லை. அங்கே பல மாநிலங்களில் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். மிச்சக் கடனுக்கு உங்கள் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். அப்படி வந்த வீடுகளை வங்கிகள் வந்த விலைக்குத் தள்ளின.

இங்கே சாவியைக் கொடுத்தாலும் கடன் நம்மை விடாது. வீட்டை விற்றும் பாக்கி இருந்தால் நம்மிடமும் ஜாமீன் போட்டவரிடமும் வசூலிக்க வங்கிக்கு உரிமை உண்டு. அதனால் நம் ஆட்கள் நகையை அடகு வைப்பார்கள், மைத்துனரிடம் கைமாற்று வாங்குவார்கள், தவணையை மட்டும் விட மாட்டார்கள். வங்கியும் முழு விலைக்குக் கடன் தராது. 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. அது போக, மதுரையைச் சுற்றி மனை வாங்குகிறவர்களில் பலர் கடனே வாங்குவதில்லை. ரிட்டயர்மெண்ட் பணம், சிங்கப்பூர் பணம், கடை லாபம். கடன் இல்லாதவனை யாரும் விற்கச் சொல்லி விரட்ட முடியாது.

இதை வைத்து 'மண் விலை என்றைக்கும் இறங்காது' என்று பேச ஆரம்பித்துவிடாதீர்கள். 1990-ல் ஜப்பான்காரர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2008-ல் இங்கே என்ன நடந்தது?

பெரிதாக ஒன்றும் இல்லை. செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அக்டோபரிலிருந்து சில மாதம் ஆட்கள் வரவில்லை. ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 9 சதவீதத்திலிருந்து 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதத்துக்கு இறக்கியது. அடுத்த தை மாதம் எங்கள் தெருவில் மறுபடி வண்டி நிறுத்த இடமில்லை.

அப்படியானால் மதுரைப் பக்கம் விலை இறங்கியதே கிடையாதா?

இறங்கியது. என் சொந்தப் பணத்தில் பார்த்தேன்.

2015-ல் சிவகங்கை ரோட்டில் வரிச்சியூர் தாண்டி ஒரு மனைப்பிரிவில் ஐந்து சென்ட் வாங்கினேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல், ஆர்ச், கொடி, வேனில் கூட்டிப்போய் மதியம் பிரியாணி, பதிவன்று ஒரு வெள்ளிக்காசு. சென்ட் 1 லட்சத்து 10 ஆயிரம். டி.டி.சி.பி. (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குண்ணே, பின்னாடி வாங்கிக்கலாம்" என்றார் மனை போட்டவர். ஊருக்கெல்லாம் 'அங்கீகாரம் பார்த்து வாங்குங்கள்' என்று சொல்கிறவன் நான். அன்றைக்கு என்ன புத்தியோ, தலையாட்டினேன்.

2016 செப்டம்பர் 9-ந் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு மாதம் கழித்து நவம்பர் 8-ந் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த வருடம் ஜூனில் தமிழக அரசாங்கமே வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு ஒவ்வொரு இடத்துக்கும் வைக்கும் மதிப்பு) 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. மூன்று அடி, ஒன்றன் மேல் ஒன்று. மனைக்குச் சொந்தக்காரன் நான், ஆனால் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று வழி திறந்தது. பணம் கட்டி அதையும் செய்தேன். 2018-ல் மொத்தத்தையும் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கொடுத்தேன். வாங்கியது ஐந்தரை லட்சத்துக்கு.

அந்த வெள்ளிக்காசை என் வீட்டம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். யாராவது மனை வாங்கப் போகிறேன் என்று வந்தால் எடுத்துக் காட்டுவார்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் காகிதம் சுத்தமாக இருந்த வீடுகள் விலை இறங்கவில்லை, விற்பனைதான் நின்றது. இறங்கியது என்னுடையது மாதிரியானவை.

எந்த மாதிரிச் சொத்து முதலில் இறங்கும்?

மேலே சொன்ன தூரத்து மனைகள். பத்து வருடமாக ஒரு வீடுகூட வராமல், கருவேலம் முளைத்துக் கிடக்கும் பிரிவுகள். அங்கே மனை வாங்கியவர்கள் யாரும் குடியிருக்க வாங்கவில்லை. அடுத்தவனுக்கு விற்க வாங்கியவர்கள். அந்த அடுத்தவன் வராத வருடம்தான் மந்தம்.

அடுத்து, விற்பதற்காகக் கட்டிய தனி வீடுகள். கடச்சனேந்தல், ஒத்தக்கடை, கருப்பாயூரணி, விளாங்குடி, நாகமலை புதுக்கோட்டை என்று நகரைச் சுற்றி மூன்று சென்டில் வரிசையாக நிற்கிறதே, அவை. கட்டியவர்களில் பலர் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள். நூறுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 40 லட்சம் முடங்கினால் மாதம் 80 ஆயிரம் வட்டி. ஆறு மாதம் வீடு விற்கவில்லை என்றால் லாபம் முழுக்க வட்டிக்காரரிடம் போய்விடும். வாங்குகிறவருக்கு நல்ல பேரம் கிடைக்கிற இடம் இதுதான்.

அடுக்குமாடி வீடு கொஞ்சம் நிதானமாக இறங்கும், நிதானமாகத்தான் ஏறும். (தமிழில் மனையும் பிளாட், அடுக்குமாடி வீடும் பிளாட். போனில் 'பிளாட் இருக்கு' என்று புரோக்கர் சொன்னால் எது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒருவர் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வயலுக்குப் போய் நின்றார்.)

மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் விலை பேசவே வேண்டாம். அங்கே விற்பனைக்கு வருவதே கிடையாது. வந்தால் அண்ணன் தம்பி பாகத் தகராறாக இருக்கும். அதற்கு எந்த மந்தமும் காரணம் இல்லை.

கட்டுநர் ஏன் விலையைக் குறைக்கவே மாட்டேன் என்கிறார்?

விலையைக் குறைக்காமலேயே குறைப்பார். என் மேசையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மேஸ்திரியாக இருந்து கட்டுநரானவர் ஒருவர். வாங்க வந்தவர்கள் ஆசிரியர் தம்பதி. கடச்சனேந்தல் பக்கம் வீடு, விலை 52 லட்சம். எட்டு மாதமாக விற்கவில்லை.

"சார், அம்பத்திரண்டுல ஒத்த ரூவா குறைக்க முடியாது. பக்கத்து வீட்ட அந்த வெலைக்குத்தான் குடுத்தேன். நாளைக்கு அவரு வந்து என் சட்டையப் புடிப்பாரு."

சார் எழுந்துவிட்டார். டீச்சர் எழவில்லை. "சரிண்ணே, வெலைய விடுங்க. பத்திரச் செலவு யாரோடது?"

கொஞ்ச நேரம் அமைதி. "நான் பாத்துக்கிறேன்."

"கிச்சன்ல வெறும் கடப்பாக்கல்லுதான் இருக்கு."

"மாடுலர் போட்டுத் தர்றேன்."

"வாசல்ல வண்டி வெயில்ல நிக்கும்."

"ஷெட்டும் போட்டுர்றேன், விடுங்கம்மா."

பத்திரச் செலவே 4 லட்சத்து 68 ஆயிரம். கிச்சனும் ஷெட்டும் சேர்த்தால் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 52 லட்சம் வீடு 46-க்குக் கைமாறியது. ஊரில் விலை இன்னும் 52-தான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

இன்னொரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 40 லட்சம் வீடு என்றால், 1000 சதுர அடிக்கு 2200 ரூபாய் வீதம் கட்டடம் 22 லட்சம், மூன்று சென்ட் மண் 18 லட்சம் என்று வையுங்கள். மந்தம் வந்தாலும் கொத்தனார் கூலி குறையாது. கம்பியும் எம்-சாண்டும் கொஞ்சம் அசையலாம். சிமெண்டுக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது உண்மைதான்; ஆனால் வீட்டுச் செலவில் சிமெண்ட் ஒரு சிறு பங்கு. ஆக வீட்டு விலை 10 சதவீதம், அதாவது 4 லட்சம் இறங்க வேண்டுமென்றால் அதை முழுக்க மண்தான் தாங்க வேண்டும். 18 லட்சத்தில் 4 லட்சம் என்றால் 22 சதவீதம். மண்ணுக்குச் சொந்தக்காரர் கடனில்லாத ஒரு பெரியவர் என்றால், 'போய்ட்டு வா தம்பி' என்பார்.

மந்தத்தில் வட்டி குறையுமே, அது விலையை ஏற்றாதா?

ஏற்றும், அல்லது இறங்கவிடாமல் பிடிக்கும். 30 லட்சம் கடன், இருபது வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26 ஆயிரம். 7.5 என்றால் 24,170 ரூபாய் பக்கம். 9.5 என்றால் கிட்டத்தட்ட 28 ஆயிரம். ஒரு சதவீதத்துக்கு மாதம் 1,900 ரூபாய் வித்தியாசம். சம்பளம் வாங்குகிறவர் பார்ப்பது தவணையைத்தான், விலையை இல்லை.

2020-ல் இதுதான் நடந்தது. ஊரடங்கில் மீனாட்சி அம்மன் கோயிலே பூட்டிக் கிடந்தபோது, இனி வீட்டு விலை பாதாளம்தான் என்று காத்திருந்தார்கள். ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு வந்தது, வீட்டுக் கடன் 7 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். இரண்டு அறை வீடு பத்தவில்லை. 2021-ல் கம்பி விலையும் ஏறியது. காத்திருந்தவர்கள் கடைசியில் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள்.

அதே வட்டி 2022 மே மாதத்திலிருந்து ஒன்பது மாதத்தில் 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனதையும், 2025-ல் படிப்படியாக 5.25-க்கு இறங்கியதையும் மறக்க வேண்டாம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மிதக்கும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. அது ஏறினால் உங்கள் தவணையோ வருடக் கணக்கோ ஏறும்.

சந்தை விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால்?

போகிற இடங்கள் உண்டு. ஆனால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கேட்பார்கள். குறைத்து எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் விசாரணைக்குப் போகும்; ஆவணம் உடனே கைக்கு வராது. வருமான வரியிலும் சிக்கல். வழிகாட்டி மதிப்புக்கும் நீங்கள் எழுதிய விலைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகப் பார்ப்பார்கள். விற்றவருக்கும் மூலதன ஆதாய வரி வழிகாட்டி மதிப்பை வைத்துத்தான். ஆகவே, விலை அதற்குக் கீழே இறங்க நினைத்தாலும் காகிதம் விடாது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். வாங்கும் முன் உங்கள் சர்வே எண்ணுக்கு இன்றைய மதிப்பு என்ன என்று பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பெண்கள் பெயரில் பதிந்தால், 10 லட்சம் வரையான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

எய்ம்ஸ், மெட்ரோ, டைடல் பார்க் எல்லாம் வரும்போது மதுரையில் விலை எப்படி இறங்கும் என்கிறாரே புரோக்கர்?

தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. மறுநாளே திருமங்கலம் ரோட்டில் 'எய்ம்ஸ் மிக அருகில்' போர்டுகள் முளைத்தன. கட்டடம் எழும்பும் முன் மாணவர்களைச் சேர்த்து ராமநாதபுரத்தில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோவை நம்பி எங்கள் பக்கம் விலை சொன்னவர்கள் கொஞ்சமல்ல. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது.

வந்த திட்டம் விலையைத் தாங்கும். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம், 7.3 கிலோமீட்டர், 2023-ல் திறந்தார்கள். அதில் ஏறி வீட்டுக்குப் போகிறவர் இருக்கிறார், அதனால் அந்தப் பக்கம் வீட்டுக்கு மதிப்பு இருக்கிறது. வரப்போகிற திட்டம் வெறும் நம்பிக்கை. மந்த காலத்தில் இப்படிப்பட்ட திட்டங்கள் தள்ளிப்போகலாம். அவற்றை நம்பிச் சொன்ன விலையும் கூடவே போகும்.

வாங்காமல் ஒத்திக்கு இருந்து பார்க்கலாமா?

நல்ல யோசனை, கவனமாகச் செய்தால். மதுரைக்காரருக்கு ஒத்தியை விளக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது, போகும்போது தொகை திரும்பக் கிடைக்கும். மாதம் 7,000 வாடகை போகும் வீட்டுக்கு 5 லட்சம் ஒத்தி என்றால், வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கும் வாடகை வருடம் 84 ஆயிரம். அதாவது அவர் உங்களிடம் கிட்டத்தட்ட 17 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வங்கியில் கிடைக்காதவர்தான் இப்படி வாங்குவார். அதனால் ஒரு தெருவில் 'வாடகைக்கு' போர்டுகள் எல்லாம் 'ஒத்திக்கு' என்று மாறினால், வீட்டுக்காரர்கள் கையில் பணம் ஓடவில்லை என்று அர்த்தம். மந்தத்தைக் காட்ட நான் பார்க்கும் முதல் அடையாளம் இதுதான்.

ஆபத்தும் அங்கேதான். உங்கள் 5 லட்சத்தை அவர் செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தருவார். வராவிட்டால் நீங்கள் அதே வீட்டில், அதே ஒழுகும் குளியலறையோடு. ஒத்தி என்பது சட்டப்படி அடமானம். பதிவு செய்தால்தான் செல்லும். நம் ஊரில் பாதிப்பேர் நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். முதலில், சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கியில் ஏற்கனவே அடமானம் இருந்தால், ஏலம் வரும்போது வங்கிக்குப் பிறகுதான் நீங்கள்.

வங்கி ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்குமாமே?

சில சமயம். 90 நாள் தவணை நின்றால் கடன் வாராக்கடனாகும். அப்புறம் 60 நாள் நோட்டீஸ். அதற்கும் மேலே நாளிதழில் ஏல அறிவிப்பு. ஏலத்தில் கலந்துகொள்ள முதலிலேயே கட்டும் முன்வைப்புத் தொகை பொதுவாகப் பத்து சதவீதம். ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றோ மறுநாளோ அதையும் சேர்த்து 25 சதவீதம், மீதி 75-ஐ பதினைந்து நாளில் கட்ட வேண்டும். கடனுக்கு அலைய நேரமிருக்காது. அறிவிப்பில் ஒரு வார்த்தையை மட்டும் தேடுங்கள்: வீட்டின் சுவாதீனம் (வங்கி கையில் எடுத்தது) நேரடியா, அடையாளபூர்வமா என்று. அடையாளபூர்வம் என்றால் உள்ளே ஆள் இருக்கிறார். அவரை வெளியேற்றும் வரை காத்திருக்கும் பொறுமைக்குத்தான் அந்த விலைக் குறைப்பு.

மதுரையில் விலை இறங்குகிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒருமுறை வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது. அதில் சென்னை இருக்கிறது, கொச்சி இருக்கிறது. நம் ஊர் இல்லை. ஆகவே கால்நடையாகத்தான் பார்க்க வேண்டும். ஒரே வீட்டின் விற்பனைப் போர்டு எத்தனை மாதமாக நிற்கிறது, புரோக்கர் நீங்கள் போன் செய்த பிறகு மறுநாள் அவராகவே கூப்பிடுகிறாரா, பக்கத்து மனைகளின் வில்லங்கச் சான்றில் கடைசியாக எப்போது கிரயம் நடந்திருக்கிறது. சான்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தொகையை முழுக்க நம்பாதீர்கள், தேதியை நம்பலாம்.

வேலை நிலைக்குமா என்று பயமாக இருக்கிறது. இப்போது வாங்கலாமா?

40 லட்சம் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைக்கும். மீதி 8 லட்சமும் பதிவுச் செலவு 3 லட்சத்து 60 ஆயிரமும் உங்கள் கைப்பணம். விலை இருபது சதவீதம் இறங்கினால் வீடும் 32, கடனும் 32. குடியிருக்கிறவரை அது உங்களைத் தொடாது. வேலை போய் விற்க வேண்டி வந்தால் கைப்பணம் 11 லட்சத்து 60 ஆயிரமும் போய்விடும். ஆகவே விலை இறங்குமா என்பதைவிட, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்று பாருங்கள். பதிவுச் செலவு போக எட்டு மாதத் தவணை கையில் மிஞ்சாதவரிடம், நான் பத்திரம் எழுதும் காசை விட்டுக்கொடுத்து 'பொறுங்கள்' என்று சொல்லியிருக்கிறேன். கேட்டவர் இரண்டு பேர்.

நான் விற்க வேண்டியவன். மந்தத்தில் என்ன செய்வது?

காகிதத்தைச் சரி செய்யுங்கள். அப்பா பெயரிலேயே கிடக்கும் பட்டா, வாங்காத வாரிசுச் சான்று, வெளியூர்த் தங்கையின் கையெழுத்து. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு. நல்ல காலத்தில் வாங்குகிறவர் இதற்கெல்லாம் மூன்று மாதம் காத்திருப்பார். மந்த காலத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆடி மாதம் விலை பேசினால் குறைவாகக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆடியில் எங்கள் தெருவே காலி. ஆள் வந்து பேசினாலே விற்கிறவருக்குச் சந்தோஷம். விவரமானவர்கள் ஆடியில் பேச்சை முடித்து, ஆடிப் பெருக்கன்று ஒரு ரூபாய் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பத்திரம் வைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கும், டோக்கனை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.